நஞ்சுக்கொடியை மாத்திரையாக்கிச் சாப்பிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மேலூர் தங்கம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டாவது பிரசவம், எட்டாவது மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து மேலூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், பிரசவம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்ப்பதாக ஏற்பாடு.

விஷயம் என்னவென்றால், என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். போன வருஷம் அவளுக்குக் குழந்தை பிறந்தபோது நஞ்சுக்கொடியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, அதற்கென்றே இருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்து, காயவைத்துப் பொடியாக்கி கேப்ஸ்யூலில் அடைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். உடம்பில் இரத்தம் ஊறும், பால் நன்றாகச் சுரக்கும், பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு வராது என்று சொல்கிறாள். வீடியோ வேறு நிறைய அனுப்பியிருக்கிறாள். அதிலெல்லாம் பெண்கள் கண்ணீர் விடாத குறையாகப் புகழ்கிறார்கள்.

இதை நான் சும்மா ஆசைக்குக் கேட்கவில்லை. முதல் பிரசவத்தில் எனக்கு இரத்தப்போக்கு அதிகமாகி ஹீமோகுளோபின் மிகவும் இறங்கிவிட்டது, பால் வரத் தாமதமானது, அதைவிட மோசம், என் பிள்ளையைத் தூக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுவேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "பச்ச உடம்புக்காரி அழுதா சளி புடிக்கும்"னு அம்மாச்சி சொல்லும், அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அந்த நிலைமைக்குப் போகக் கூடாது, அதற்கு எதைச் சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடத் தயாராக இருக்கிறேன்.

மருத்துவமனையில் கேட்டேன், அதெல்லாம் வெளியே தர மாட்டோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னதும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்துவிட்டது. நிஜமாகவே இதில் பலன் இருக்கிறதா, கெடுதல் என்றால் என்ன கெடுதல்? யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா? தயவுசெய்து திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

---

பிரசவ வார்டு சிஸ்டர்:

திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை தங்கம். முதல் பிரசவத்தில் நீ பட்ட பாட்டுக்கு நீ வழி தேடத்தான் செய்வாய். நான் மதுரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் பல வருஷமாக இருப்பவள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஏன் தர மாட்டோம் என்கிறார்கள் என்று தெரிந்துகொள். குழந்தை பிறந்த கொஞ்ச நேரத்தில் நஞ்சு வெளியே வரும். சுமார் அரை கிலோ இருக்கும், ஒரு சாண் அகலம், ஈரல் மாதிரி கருஞ்சிவப்பு. அதைத் தட்டில் விரித்து வைத்து, துண்டு எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்போம், ஏனென்றால் சின்னத் துண்டு தங்கினாலும் இரத்தப்போக்கு நிற்காது. பார்த்து முடிந்ததும் மஞ்சள் பையில் போய்விடும். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 என்று ஒன்று இருக்கிறது, அதன்படி இது மனித உடல் கழிவு. எரித்துவிட வேண்டும், அல்லது விதியில் சொன்னபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். உங்கள் மருத்துவமனைக்காரர்கள் அந்த விதியைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்து, அது சுத்தமான பொருள் இல்லை. வருகிற வழியிலேயே கிருமி ஒட்டும். பனிக்குடம் உடைந்து நேரமாகியிருந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தால், தாய்க்குக் காய்ச்சல் இருந்திருந்தால், அந்த நஞ்சைத் தொடவே நாங்கள் யோசிப்போம், கையுறை போட்டுத்தான் எடுப்போம். அதற்கப்புறம் அது அறை வெப்பத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது, யார் கையால் கழுவினார்கள், ஒருவருடையதும் இன்னொருவருடையதும் மாறிவிட்டதா, இதையெல்லாம் யார் பார்ப்பது? நம் மதுரை வெயிலுக்கு வாங்கின மீனே ஒரு மணி நேரம் தாங்காது.

இரத்தம் ஊறுவதைப் பற்றிச் சொல்கிறேன். அரசு கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தினம் ஒன்று போட வேண்டும், கால்சியமும் அதே 180 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள், மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு எரிகிறது என்று. கறுப்பாகப் போவதில் பயப்பட ஒன்றுமில்லை. வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, ஆனால் டீ, காபியோடு போடாதே, சத்து உடம்பில் சேராது. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதே.

உன்னுடைய இப்போதைய ஹீமோகுளோபின் எவ்வளவு? அதைச் சொல் முதலில்.

---

இயற்கை வழி:

சிஸ்டர் சொல்வது மருத்துவமனைப் பார்வை. ஆனால் ஆடு, நாய், பூனை, எலி, குரங்கு என்று பாலூட்டிகள் பெரும்பாலும் ஈன்றதும் நஞ்சைத் தின்கின்றனவே, இயற்கை காரணமில்லாமலா வைத்திருக்கும்? சீன மருத்துவத்தில் காய்ந்த நஞ்சுக்கொடி நூற்றாண்டுகளாக மருந்தாக இருக்கிறது. நம் கிராமங்களிலும் காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வாழைப்பழத்தில் வைத்துப் பிள்ளையில்லாத பெண்ணுக்கு விழுங்கக் கொடுக்கும் வழக்கம் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியுமா? உடம்பு ஒன்பது மாதம் உழைத்து உருவாக்கிய உறுப்பு அது. அதில் இரும்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

---

உசிலம்பட்டி பாண்டி:

தங்கச்சி, நான் ஆம்பிளை, இதில் பேசலாமா என்று யோசித்தேன், ஆனால் இயற்கை வழி தம்பி விலங்கு கணக்கு சொன்னதால் எழுதுகிறேன். நான் மாடு வளர்ப்பவன்.

எங்கள் பக்கம் மாடு கன்று போட்டால் ராத்திரி முழுக்க ஒரு ஆள் தொழுவத்தில் உட்கார்ந்திருக்கும். எதற்கு? இளங்கொடி, அதாவது மாட்டின் நஞ்சு, விழுந்ததும் மாடு தின்றுவிடாமல் பார்க்கத்தான். கொஞ்சம் கண் அசந்தால் இழுத்து மென்றுவிடும். விழுந்ததும் எடுத்து வைக்கோலில் பொதிந்து, பிரியால் சுற்றிக் கட்டி, ஊருக்கு வெளியே இருக்கிற ஆலமரத்தில் நாய் எட்டாத உயரத்தில் தொங்கவிடுவோம். ஆலமரம் பால் வடிகிற மரம், அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் அப்பன் பாட்டன் காலத்து நம்பிக்கை. மாடு தின்றுவிட்டால் பால் வற்றும் என்பார்கள். மரத்தில் கட்டுவதால் பால் ஊறுமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் மாடு தின்றால் தொண்டையில் அடைக்கும், செரிக்காமல் வயிறு உப்பும் என்று கால்நடை டாக்டரும்தான் சொல்கிறார். தின்றுவிட்டு ரெண்டு நாள் அசை போடாமல் நின்ற மாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மாடு புல் தின்கிற ஜாதி. அது ஏன் தின்கிறது என்றால் வாசனைக்கு நரி, நாய் வந்துவிடும், கன்றுக்கு ஆபத்து என்று இடத்தைத் துப்புரவு செய்கிறது என்பார்கள், எனக்கு அதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற மனுஷிக்கு அந்தத் தேவை என்ன?

மனுஷ நஞ்சையும் எங்கள் ஊரில் யாரும் தின்றதாகக் கேட்டதில்லை. வீட்டில் பிரசவம் பார்த்த காலத்தில் புறக்கடையில் ஆழக் குழி தோண்டிப் புதைத்து, நாய் கிளறாமல் மேலே கல் வைப்பார்கள். தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுவார்கள். அவ்வளவுதான். உங்கள் அம்மா சத்தம் போட்டதில் நியாயம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

---

அழகர்கோயில் டு சிகாகோ:

தங்கம், நான் சாப்பிட்டிருக்கிறேன். இங்கே என்னுடன் வேலை பார்ப்பவர்களில் சிலர் செய்தார்கள், எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமனையிலும் முன்கூட்டியே கேட்டு கையெழுத்துப் போட்டால் கொடுத்தார்கள், ஐஸ் பெட்டி நாம் கொண்டுபோக வேண்டும். செய்து கொடுத்த பெண் ஆவியில் வேகவைத்து, மெல்லிசாகச் சீவி, உலர்த்தும் இயந்திரத்தில் காயவைத்து, அரைத்து கேப்ஸ்யூலில் அடைத்துத் தந்தாள். பாட்டிலைத் திறந்தால் கருவாட்டு வாடையும் இரும்பு வாடையும் கலந்து ஒரு வாடை வரும், எனக்கு அதுவே குமட்டும், மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்குவேன்.

அந்தப் பிரசவத்தில் எனக்கு மனச்சோர்வு வரவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரசவத்துக்கு அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் உடன் இருந்தார்கள். ராத்திரிக் குழந்தையை அம்மாதான் வாங்கிக்கொள்வார்கள், நான் தூங்கினேன். வேளைக்குச் சுடுசோறு. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையையும் நான் விடவில்லை. இதில் எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, வீடியோவில் பேசுகிற பெண்களாலும் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். என் தோழி ஒருத்தி இதே பெண்ணிடம் வாங்கிச் சாப்பிட்டாள், அவளுக்குக் கேப்ஸ்யூல் ஆரம்பித்ததிலிருந்து படபடப்பும் தலைவலியும், நிறுத்தின பிறகுதான் அடங்கியது. அதற்கும் கேப்ஸ்யூல்தான் காரணமா என்று உறுதி சொல்ல ஆளில்லை.

செலவும் நம் ஊர்க் கணக்கில் பெரிய தொகை. இங்கே உணவுக்கும் மருந்துக்கும் தனித்தனியே கண்காணிப்பு இருக்கிறது, இந்தக் கேப்ஸ்யூல் செய்பவர்களுக்கு எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் காயவைக்க வேண்டும் என்ற ஒரு பொது விதிகூட இல்லை. அந்தப் பெண் தன் சமையலறையில்தான் செய்தாள். இங்கேயே இப்படியென்றால், மதுரையில் யாரிடம் கொடுத்துச் செய்வாய்?

---

ஆனையூர் டாக்டர்:

குழந்தைகள் மருத்துவர். நேரம் கிடைக்கும்போது இங்கே வருவேன். இந்த விஷயத்தில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வருவது முழுக்க ஒரு பக்கக் கதை.

பலன் இருக்கிறதா என்பதை முறையாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகத்தார். 27 பெண்கள். சிலருக்கு அவரவர் நஞ்சுக்கொடிக் கேப்ஸ்யூல், மற்றவர்களுக்கு அதே மாதிரி தோற்றத்தில் மாட்டிறைச்சிப் பொடி அடைத்த கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. 2017இல் வந்த முடிவில் இரும்புச்சத்தில் இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. அவர்கள் சொன்ன முழு அளவைச் சாப்பிட்டாலும் பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான இரும்பில் கால் பங்குகூட அதிலிருந்து கிடைக்காது, கணக்குப் போட்டால் சுமார் 2 மில்லிகிராம். மேலே சிஸ்டர் சொன்ன 60 மில்லிகிராம் மாத்திரையோடு இதை வைத்துப் பாருங்கள். 2018இல் அதே குழு மனநிலை, களைப்பு, குழந்தையோடு ஒட்டுதல் பற்றிய முடிவையும் வெளியிட்டது. ஹார்மோன் அளவில் சிறு மாறுதல்கள் தெரிந்தன, ஆனால் மனச்சோர்வைத் தடுத்தது என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. சின்ன ஆய்வு, அதனால் இறுதித் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலன் உண்டு என்று சொல்பவர்கள் கையில் இந்த அளவுக்குக்கூட முறையான ஆதாரம் இல்லை.

பால் சுரக்கும் என்பதற்கு 1954இல் செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த ஒரு பழைய ஆய்வைக் காட்டுவார்கள். இன்றைய அளவுகோலில் அது நிற்காது. உடலியலைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. நஞ்சுக்கொடி உடம்பை விட்டு வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் முழுப் பால் சுரக்கும்படி மார்பகத்துக்கு வழிவிடுகிறது. அதனால்தான் நஞ்சின் துண்டு உள்ளே தங்கிவிட்ட தாய்க்குப் பால் தாமதமாகிறது. அப்படியிருக்க, அந்த ஹார்மோனைக் கொண்ட பொருளை மறுபடி உள்ளே அனுப்புவதால் பால் பெருகும் என்று எப்படி எதிர்பார்ப்பது? வேகவைத்துக் காயவைக்கும்போது ஹார்மோன் பெரும்பகுதி போய்விடும் என்றால் சரி, அப்போது பலன் தருவதாகச் சொல்லப்படும் ஹார்மோனும் சேர்ந்துதானே போகிறது.

தங்கம், பாண்டி அண்ணன் சொன்ன மாட்டுக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலிகளில் நஞ்சைத் தின்பது பிரசவ வலியைத் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது என்று அமெரிக்காவில் மார்க் கிறிஸ்டல் என்ற ஆராய்ச்சியாளர் பல வருஷம் உழைத்துக் காட்டியிருக்கிறார், அது நல்ல வேலை. ஆனால் அது எலியில், பச்சையாக, ஈன்ற உடனே. மனிதர்களில் 179 சமூகங்களின் பதிவுகளை 2010இல் புரட்டிப் பார்த்தார்கள், பிள்ளை பெற்ற தாய் தன் நஞ்சைத் தின்பது வழக்கம் என்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு சமூகமும் கிடைக்கவில்லை. இப்போது நாம் பார்க்கிற இந்தப் பழக்கம் அமெரிக்காவில் 1970களில் கிளம்பியது. சீன மருத்துவத்தில் இருந்தது உண்மை, ஆனால் அது பிரசவித்த தாய் தன்னுடையதையே சாப்பிடும் வழக்கம் அல்ல, வேறு நோய்களுக்கு வேறு ஆட்களுக்குக் கொடுத்தது.

இப்போது கெடுதல். ஒரு சம்பவம் உறுதியாகப் பதிவாகியிருக்கிறது. 2016 செப்டம்பரில் ஓரிகன் மாநிலத்தில் ஒரு குழந்தை பிறந்த கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறியது. இரத்தத்தில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. 11 நாள் ஆம்பிசிலின் போட்டுக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தே நாளில் அதே கிருமியோடு திரும்ப வந்தது. தாய்ப்பாலைச் சோதித்தால் அதில் இல்லை. அப்புறம்தான் அந்தத் தாய் நஞ்சுக்கொடிக் கேப்ஸ்யூல் சாப்பிடுவது தெரிந்தது, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. கேப்ஸ்யூலைச் சோதித்தால் அதில் அதே கிருமி, மரபணுவும் பொருந்தியது. மறுபடி 14 நாள் மருந்து. குழந்தை பிழைத்தது. 2017 ஜூனில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதை வெளியிட்டு, இந்தக் கேப்ஸ்யூலைத் தவிர்க்கச் சொன்னது. வீட்டில் வேறு யாரிடமிருந்தும் தொற்றியிருக்கலாம் என்பதையும் மறுக்க முடியவில்லை என்று அவர்களே எழுதினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் வீட்டிலும் பிரசவ மையங்களிலும் பிள்ளை பெறத் திட்டமிட்ட 23,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை 2018இல் ஆராய்ந்தார்கள். சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கும் சாப்பிடாதவர்களின் குழந்தைகளுக்கும் மருத்துவமனைச் சேர்க்கையிலோ இறப்பிலோ வித்தியாசமில்லை. ஆகவே சாப்பிட்ட எல்லோருக்கும் ஆபத்து என்று நான் பயமுறுத்த மாட்டேன். அரிதானது. ஆனால் பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைக்கு இரத்தத்தில் கிருமி ஏறினால் என்ன ஆகும் என்பதை நான் வார்டில் பார்ப்பவன். காலையில் பால் குடிக்க மறுத்த குழந்தை சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். பலன் நிரூபணமாகாத ஒன்றுக்காக அந்த அரிதான ஆபத்தை ஏன் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?

---

மேலூர் தங்கம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர் சார் எழுதியதை என் வீட்டுக்காரரிடமும் வாசித்துக் காட்டினேன், சித்தப்பா மகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். சிகாகோ அக்கா, உங்கள் அம்மா ஆறு மாதம் இருந்தார்கள் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பிரசவத்தில் எனக்கு ராத்திரி முழுக்க நான் மட்டும்தான். சரி, கேப்ஸ்யூல் யோசனையை விட்டுவிடுகிறேன்.

சிஸ்டர், போன வாரம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2. மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது. இரும்பு ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னார், அம்மா வேண்டாம், பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். போடலாமா? மனச்சோர்வுக்கு முன்னாடியே ஏதாவது செய்ய முடியுமா? அப்புறம் ஒரு சந்தேகம், இங்கே மருந்துக் கடையில் பிளசென்ட்ரெக்ஸ் என்று ஒரு ஊசி பார்த்தேன், அதுவும் நஞ்சுக்கொடியில் செய்ததுதானே, அது மட்டும் எப்படி அனுமதித்தார்கள்?

---

பிரசவ வார்டு சிஸ்டர்:

போடு தங்கம். தயங்காதே. அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசி நாங்கள் வாரத்தில் எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் சலைனில் கலந்து ஏற்றுவதுதான். நாலாம் மாதத்திலிருந்து போடலாம், உனக்கு எட்டாம் மாதம், மாத்திரை தங்கவில்லை, பிரசவத்துக்கு நாளும் குறைவு, உன் மாதிரி ஆளுக்குத்தான் அது. முதல் தடவை போடும்போது பக்கத்தில் ஆள் இருந்து பார்ப்பார்கள், அரிப்பு, நெஞ்சு இறுக்கம் என்று எது வந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். போன தடவை இரத்தப்போக்கு ஆனதை மறக்காமல் டாக்டரிடம் மறுபடி சொல், பிரசவ நேரத்தில் இரத்தம் தயாராக வைக்கச் சொல்லிக் கேள், உன் குரூப்பில் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே பார்த்து வை.

சாப்பாட்டில் இரும்பு வேண்டுமென்றால் நம் ஊரில் அதற்கா பஞ்சம்? கறிக்கடையில் சொல்லி வைத்தால் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், எடுத்துக் கொடுப்பார்கள், மிளகு சீரகம் தட்டிப் போட்டு வறுத்துச் சாப்பிடு. ஈரலைக் கர்ப்பகாலத்தில் அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அதிகம், பிள்ளை பெற்ற பிறகு சாப்பிட்டுக்கொள். பிரசவத்துக்கு அப்புறம் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, உளுந்தங்களி எல்லாம் தாராளமாக. கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பிரசவ லேகியம் வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவோடு. ஆனால் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்காதே. பச்ச உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு ஊதும்னு இன்னும் நிறைய வீடுகளில் டம்ளரைப் பிடுங்குகிறார்கள், பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத்தான் வேண்டும்.

பாலுக்கு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடச் சொல்லிக் கேள். சேனை வைக்கிறேன் என்று யார் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல உன் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்து. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டும், குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். வாய் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு நர்ஸை உட்கார வைத்துப் பார்க்கச் சொல். காம்பை மட்டும் பிடித்திருந்தால் உனக்கு வலிக்கும், பிள்ளைக்குப் பால் போகாது.

---

ஆனையூர் டாக்டர்:

பிளசென்ட்ரெக்ஸ் பற்றி. அது மனித நஞ்சுக்கொடியிலிருந்து தொழிற்சாலையில் பிரித்தெடுத்த சாறு, ஊசியாகவும் களிம்பாகவும் வருகிறது, புண் ஆறுவதற்கும் இடுப்புக்குழி அழற்சிக்கும் டாக்டர்கள் எழுதுவார்கள். கிருமி நீக்கி, மருந்துச் சட்டத்தின் கீழ் செய்வது. பிரசவித்த தாய்க்குப் பால் ஊறவோ மனச்சோர்வுக்கோ கொடுப்பதல்ல. அதையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம்.

மனச்சோர்வு பற்றி நீங்கள் கேட்டதுதான் எனக்கு இந்தத் திரியிலேயே முக்கியமாகப் படுகிறது. முதல் பிரசவத்தில் வந்தவர்களுக்கு அடுத்ததிலும் வர வாய்ப்பு அதிகம். அதனால் குழந்தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த செக்கப்பில் இங்கே எழுதியதை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை என்ற வரியையும் விடாமல். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, அதை நிரப்பச் சொல்வார்கள். பிரசவமான முதல் இரண்டு வாரம் வரும் அழுகை பெரும்பாலும் தானாகப் போய்விடும், அதைத் தாண்டியும் நீடித்தால், தூக்கமே வரவில்லை என்றால், அது நோய், உங்கள் குற்றமல்ல. பேச்சு சிகிச்சை உண்டு. மருந்து தேவைப்பட்டால் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவையும் உண்டு, செர்ட்ராலின் அப்படிப் பரவலாகக் கொடுக்கப்படுவது.

இன்னொன்றை வீட்டுக்காரரும் உங்கள் அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டும். தன்னையோ குழந்தையையோ என்னவாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு, யாரோ பேசுவது போலக் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, இதில் எது தெரிந்தாலும் பேய் பிடித்தது, காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகாமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிவர வேண்டும். ராத்திரி பகல் எப்போதும் பேச டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள். மாநில அரசின் 104ம் இருக்கிறது.

---

அழகர்கோயில் டு சிகாகோ:

தங்கம், ராத்திரிக்கு யார் இருப்பார்கள் என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடு. அம்மா ஒரு ராத்திரி, மதினி ஒரு ராத்திரி, வீட்டுக்காரர் ஒரு ராத்திரி என்று முறை போட்டுக்கொள்ளச் சொல். மூத்த பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து. கேப்ஸ்யூலுக்கு என்று ஒதுக்க நினைத்த பணம் இருந்தால் துணி துவைக்க, வீடு கூட்ட மூன்று மாதம் ஒரு ஆள் போட்டுவிடலாம்.

---

மேலூர் தங்கம்:

அக்கா, மதினியிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டது. ஊசி வியாழக்கிழமை. அம்மாவும் கூட வருகிறார்கள், பயமாக இருக்கிறதாம், டாக்டரிடம் தானே கேட்டுக்கொள்கிறார்களாம். ஹீமோகுளோபின் மறுபடி பார்த்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.